புதுப் பொருள் வாங்கினால் வாரண்டிக்காக அன்றே பார்க்க வேண்டியவை

ஃபோனோ டிவியோ ஃப்ரிட்ஜோ, எதை வாங்கினாலும் முதல் வேலையாக பில்லை போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். தெர்மல் பேப்பரில் அடித்த பில் என்றால் சில மாதங்களிலேயே எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும், வாரண்டியோ அதற்கப்புறமும் ஓடிக்கொண்டிருக்கும். பில்லில் சீரியல் நம்பர் ஏறியிருக்கிறதா, பெட்டியில் இருப்பதும் பொருளில் ஒட்டியிருப்பதும் அதே நம்பர்தானா என்று கையோடு பாருங்கள். ஃபோனில் *#06# டயல் செய்தால் அந்த ஃபோனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ திரையிலேயே வரும், ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு இலக்கம் தப்பாக இருந்தாலும் அன்றைக்கே கடையில் திருத்தி வாங்கிவிடுங்கள்.

வாரண்டி பெரும்பாலும் வாங்கிய தேதியிலிருந்துதான் ஓடும். பெட்டியைப் பிரிக்காமல் மூன்று மாதம் வைத்திருந்தால் அந்த மூன்று மாதம் போச்சு.

பலர் ஏமாறுவது வருடக் கணக்கில்தான். ஃப்ரிட்ஜ் கதவில் '10 வருட வாரண்டி' என்று பெரிதாக ஒட்டியிருப்பார்கள், ஆனால் அது கம்ப்ரஸருக்கு மட்டும், மற்ற பாகங்களுக்கு ஒரே வருடம் என்று பொடி எழுத்தில் இருக்கும். வாஷிங் மெஷின் மோட்டாருக்கும் இதே கதைதான். அந்த கம்ப்ரஸரையே இலவசமாக மாற்றினாலும் கேஸ் நிரப்பவும் ஆள் கூலிக்கும் தனியாகப் பணம் கேட்கலாம், அதனால் பாகத்துக்கு மட்டுமா, வேலைக்கும் சேர்த்தா என்று வாங்கும்போதே கேளுங்கள். பேட்டரி, சார்ஜர், இயர்போன் மாதிரி கூட வருபவற்றுக்கு வாரண்டி இன்னும் குறைவாக இருக்கலாம்.

கீழே விழுந்து உடைந்ததும் தண்ணீர் புகுந்ததும் சாதாரண வாரண்டியில் பெரும்பாலும் வராது. தண்ணீரும் தூசியும் புகாமல் தாங்கும் என்பதற்கான ஐபி68 குறியீடு போட்ட ஃபோனாக இருந்தாலும் இதுதான் நிலைமை. பல ஃபோன்களுக்குள் ஈரம் பட்டால் சிவப்பாக மாறும் சின்ன ஸ்டிக்கர் இருக்கிறது, சர்வீஸில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். கூடுதல் பணம் கட்டி எடுக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டியிலும் விபத்துச் சேதம் தானாகச் சேர்ந்துவிடாது, அதை எழுத்தில் பாருங்கள்.

சரி, ஆன்லைனில் பதிவு செய்யாவிட்டால் வாரண்டி போய்விடுமா? பெரும்பாலும் போகாது, பில் இருந்தாலே போதும். ஆனால் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவு செய்தால்தான் கூடுதல் காலம் என்று சில கம்பெனிகள் நிபந்தனை வைக்கின்றன. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 ஃபோன்கள் பேட்டரி தீப்பிடித்ததால் திரும்பப் பெறப்பட்டன, அப்படி ஒரு நிலை வந்தால் யாரிடம் அந்தப் பொருள் இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிந்தால்தான் உங்களுக்கு நேரடியாகச் சொல்ல முடியும். இதற்காகவே பதிவு செய்யுங்கள் என்பேன். பெயர், ஃபோன் அல்லது ஈமெயில், சீரியல் நம்பர், வாங்கிய தேதி இவ்வளவு கொடுத்தால் போதும். பதிவுக்கு ஓடிபி கேட்டால் அது எதற்கு வந்தது என்று மெசேஜை முழுதாகப் படியுங்கள். கார்டு விவரமோ பின் நம்பரோ கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள், தேடும்போது முதலில் வரும் கஸ்டமர் கேர் நம்பர்களில் போலிகளும் இருக்கின்றன, பெட்டியிலோ கையேட்டிலோ அச்சிட்ட நம்பரையே நம்புங்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது சர்வீஸ் சென்டரில் தரும் ரசீதான ஜாப் ஷீட்டில் கோளாறு, தேதி, கீறல் உண்டா இல்லையா எல்லாம் எழுதி வாங்குங்கள். டேட்டாவை முன்னாலேயே பேக்கப் எடுத்துவிடுங்கள், அழிந்தால் வாரண்டி அதற்குப் பொறுப்பேற்காது.