ப்ரொக்ராஸ்டினேட்: பொருள், வேர், மறக்காமலிருக்க வழி

‘ப்ரொக்ராஸ்டினேட்’ (procrastinate) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘தள்ளிப்போடு’ என்று மட்டும் நோட்டில் எழுதிவைத்தால் பொருள் பாதிதான் கிடைக்கும். மழை காரணமாகக் கூட்டத்தை அடுத்த திங்களுக்கு மாற்றினால் அது ‘போஸ்ட்போன்’. அங்கே காரணம் இருக்கிறது, புதுத் தேதியும் இருக்கிறது. செய்தே ஆகவேண்டும், தாமதித்தால் நமக்குத்தான் நஷ்டம் என்று தெரிந்தும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று இழுப்பதே ‘ப்ரொக்ராஸ்டினேட்’. இதில் எப்போதும் ஒரு குறை சொல்லும் தொனி உண்டு.

வாக்கியத்தில் பலர் சறுக்குவதும் இதனால்தான். ‘த எக்ஸாம் வாஸ் ப்ரொக்ராஸ்டினேட்டட்’ என்று எழுதாதீர்கள். தேர்வு தள்ளிப்போனால் ‘போஸ்ட்போன்ட்’தான். ஆள் எழுவாயாக வரட்டும், வேலைக்கு முன்னால் ‘ஆன்’ சேருங்கள்: ‘ஷீ ப்ரொக்ராஸ்டினேட்டட் ஆன் ஹெர் தீசிஸ்.’

வேர் லத்தீன். ‘ப்ரோ’ என்றால் முன்னோக்கி. ப்ரொசீட், ப்ரொமோட் ஆகியவற்றில் இருப்பதும் அதுவே. ‘க்ராஸ்’ என்றால் நாளை. அதிலிருந்து ‘நாளைக்குரிய’ என்ற பொருளில் ‘க்ராஸ்டினுஸ்’. ஆக, நாளையை நோக்கித் தள்ளுவது. ரோமானியர்களுக்கும் இது பிடிக்காத குணம்தான்: கி.மு. 43-இல் ரோமானியத் தளபதி மார்க் ஆன்டனிக்கு எதிராகப் பேசிய பேச்சாளர் சிசரோ, காரியங்களில் மந்தமும் ‘ப்ரொக்ராஸ்டினாட்டியோ’வும் வெறுக்கத்தக்கவை என்றார்.

மனப்பாடம் செய்வதில் ஒரு சிக்கல். ‘போர்ட்’, ‘ஸ்பெக்ட்’ போன்ற வேர்களைக் கற்றால் பத்துச் சொற்கள் கூடவே வரும். ‘க்ராஸ்’ அப்படியல்ல, புழக்கத்தில் அதற்கு வேறு உறவினர் கிடையாது. அதனால் ‘க்ராஸ் = நாளை’ என்பதைத் தனியாகத்தான் பதிய வைக்க வேண்டும். குறுக்கே கடக்கும் ‘க்ராஸ்’ வேறு, அதோடு முடிச்சுப் போட்டால் பொருள் தடம் மாறிவிடும்.

எழுத்துகள் 13. ப்ரோ (3), க்ராஸ் (4), டின் (3), ஏட் (3) என்று நான்காக வெட்டி எழுதிப் பழகுங்கள். ஒற்றை ‘எஸ்’தான். அடிக்கடி காணாமல் போவது இரண்டாவது ‘ஆர்’. ‘ப்ரொகாஸ்டினேட்’ என்று உச்சரிப்பவர்கள் அப்படியே எழுதியும் விடுகிறார்கள். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘க்ராஸ்’ மேல் விழ வேண்டும். ‘ப்ரொக்ராஸ்டினேஷன்’ என்ற பெயர்ச்சொல்லில் அது ‘னே’வுக்கு நகரும்.

மனப்பாடத்துக்கு அட்டை தயாரித்தால், அதன் முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள். பார்த்தால் தெரிந்த மாதிரி இருக்கும், பேசும்போது வராது. முன்பக்கம் கோடிட்ட இடம் உள்ள ஒரு வாக்கியம், பின்பக்கம் சொல். 1, 3, 7, 21-ஆம் நாள்களில் பின்பக்கம் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். தவறினால் மீண்டும் 1-ஆம் நாளிலிருந்து.

நாளையும் போதாதவர்களுக்கு ‘பெரெண்டினேட்’ என்று ஓர் அரிய சொல் உண்டு: நாளை மறுநாளுக்குத் தள்ளுவது. தேர்வுக்குத் தேவைப்படாது.