பிற்பகல் கச்சேரியும் டீயும்: வீட்டில் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் கூடத்தில் முப்பது பேரைக் கூப்பிட்டு, நாலு மணிக்கு ஒரு கர்நாடக இசைக் கச்சேரி, கூடவே டீ, டிபன் என்று ஏற்பாடு செய்வது நல்ல பழக்கம். சபாவில் கிடைக்காத நெருக்கம் இதில் கிடைக்கும். ஆனால் சபாவில் கேன்டீன் அரங்குக்கு வெளியே இருக்கிறது. வீட்டில் அடுப்படிக்கும் பாடகருக்கும் நடுவே ஒரு சுவர்தான். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முக்கியமானது, டீயை எப்போது கொடுப்பது என்பது. கர்நாடகக் கச்சேரிக்கு இடைவேளை கிடையாது. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைப்படுத்திய வரிசையில் வர்ணம், கீர்த்தனைகள், நடுவில் விஸ்தாரமாக ஓர் உருப்படி (பாடல்), அதற்குத் தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி), கடைசியில் துக்கடாக்கள் எனும் சின்னப் பாட்டுகள் என்று ஒரே மூச்சில் போகும். இதில் டீயை எங்கே நுழைக்கலாம் என்று பார்க்கும் வீட்டுக்காரர் கண்ணில் படுவது தனி ஆவர்த்தனம். பாட்டுதான் இல்லையே, இப்போது டம்ளரை நீட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார். சபாக்களிலும் தனி ஆரம்பித்ததும் கேன்டீனுக்கு எழுந்து போகிற கூட்டம் உண்டு. அங்கே இருட்டில் நழுவிவிடலாம், இங்கே வித்வானின் கண்ணெதிரே நடக்கிறது.

கச்சேரி முழுக்கப் பாட்டை அணைத்து வாசித்த மிருதங்கக்காரருக்குச் சொந்தமாகக் கிடைப்பது அந்தச் சில நிமிடங்கள்தான். கடமோ கஞ்சிராவோ கூட இருந்தால் குறைப்பு வரும். ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் பதில் சொல்ல, இரண்டு பேரின் முறையும் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் சேர்ந்து மோரா, கோர்வை என்று முடிப்பார்கள். விரலில் தாளம் போட்டுக்கொண்டிருப்பவரிடம் குனிந்து “சர்க்கரை போடலாமா?” என்று கேட்டால் எண்ணிக்கை போச்சு. எவர்சில்வர் டம்ளர் தட்டில் இடிக்கும் சத்தத்தில் மிருதங்கத்தின் கனத்த ஒலிப் பக்கமான தொப்பியில் எழும் மெல்லிய கும்கி நாதமும் காணாமல் போகும். அதனால் டீ கச்சேரிக்கு முன்னால், இல்லையென்றால் நிறைவுப் பாட்டான மங்களத்துக்குப் பிறகு. இடையில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், எந்த உருப்படிக்குப் பின் என்று பாடுபவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிபனில் முறுக்கு, தட்டை வேண்டாம். யாராவது கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பஜ்ஜி நல்ல யோசனைதான், ஆனால் கச்சேரி நடக்கும்போது எண்ணெய் காயக் கூடாது. அந்தப் புகை நேராகப் பாடகரின் தொண்டைக்குப் போகும். அவருக்கு வேண்டியது வெந்நீர் ஃபிளாஸ்க். பாடுவதற்கு முன் வயிறாரச் சாப்பிடச் சொல்லி உபசரிப்பதும் தொல்லைதான், முடிந்த பிறகு நன்றாகப் போடுங்கள். விருந்தினர் விஷயத்திலும் கவனம் தேவை. மதியச் சாப்பாட்டுடன் அழைத்தால், சாம்பார் சாதம் முடித்து வருகிறவர்களைத் தூங்க வைக்க தாலாட்டு ராகமான நீலாம்பரி கூடத் தேவையில்லை.

டீயைப் பாலோடு சேர்த்து ஒரே அண்டாவில் கொதிக்கவிட்டு, மறுபடி மறுபடி சுடவைப்பது அடுத்த தவறு. அரை மணியில் துவர்த்துவிடும். டிகாக்‌ஷன் தனி, பால் தனி என்று வைத்துக் கடைசியில் கலந்தால் முப்பது பேருக்கும் ஒரே ருசி. பால் டீக்கு சிடிசி எனும் குருணைத் தூள்தான் சரி. பாலில்லாமல் கொடுக்க ஆசையிருந்தால் நீலகிரி ஆர்த்தடாக்ஸ், அதாவது நொறுக்காமல் சுருட்டிய இலையை வாங்கி, வெந்நீரில் மூன்று நாலு நிமிடம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பறிக்கும் நீலகிரி இலைக்குத் தனி மணம், அது மார்கழிக் கச்சேரிகளோடு பொருந்தி வருகிறது. காபிதான் வேண்டும் என்று நாலு பேராவது கேட்பார்கள். சென்னை ரசிகர்களிடம் வாதாடிப் பயனில்லை, கொடுத்துவிடுங்கள்.

இடம் போடுவதில் ஒரு நுணுக்கம். வலக்கையில் வாசிக்கும் மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார், வலந்தலை, அதாவது மிருதங்கத்தில் தொப்பிக்கு எதிர்ப் பக்கம், ரசிகர்களைப் பார்த்திருக்கும். இடக்கைக்காரர் என்றால் அவரும் வயலின்காரரும் இடம் மாறுவார்கள். மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளை அப்படி வாசித்தவர். அதனால் ஒரு பக்கத்தை டீ மேஜைக்கு ஒதுக்கிவிட்டு மிச்ச இடத்தில் வித்வான்களை நெருக்கி உட்கார வைக்காதீர்கள். சுருதி சேர்த்த பிறகு ஏசியைக் கூட்டிக் குறைக்காதீர்கள். தோலும் தந்தியும் உடனே காட்டிக் கொடுத்துவிடும். தொப்பியில் ரவைப் பசை ஒட்டவும் நேரம் வேண்டும், அரை மணி முன்னதாக ஓர் அமைதியான அறையைக் கொடுங்கள். முப்பது பேருக்குப் பாட மைக் அவசியமில்லை.

“பிற்பகல் ராகமாகப் பாடுங்களேன்” என்று வற்புறுத்துவதும் உண்டு. இந்துஸ்தானியில் இந்த ராகம் இந்த வேளைக்கு என்ற கட்டுப்பாடு வலுவானது. பீம்பலாசி, முல்தானி எல்லாம் அந்த வேளைக்கு உரியவை. கர்நாடக மேடையில் நேரக் கணக்கு இப்போது அவ்வளவு கறாராக இல்லை. தேர்வைப் பாடகரிடமே விடுங்கள்.

அப்புறம், சம்பாவனை, அதாவது வித்வான்களுக்குத் தரும் பணம். வீட்டுக் கச்சேரிதானே என்று பேசாமல் விடுவது எல்லோரும் செய்வது. பாடகருக்கு மட்டுமல்ல, பக்கவாத்தியக்காரர்களுக்கும் எவ்வளவு, வண்டிச் செலவு யாருடையது என்பதை அழைக்கும்போதே பேசிவிடுங்கள். பக்கவாத்தியக்காரர்களின் பெயரையும் அழைப்பிதழில் போடுங்கள்.