தாய்லாந்து, கம்போடியாவுல ‘கம்ப்யூட்டர் வேலை’னு கூப்பிடுறாங்களா? பாஸ்போர்ட்டை குடுக்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

போன மாசம் என் சித்தப்பா பையன் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல வீட்டுக்கு வந்தான், கையில ரெண்டு பேப்பர், அண்ணே இதை கொஞ்சம் படிச்சு சொல்லுங்கன்னான். பி.காம் முடிச்சு ரெண்டு வருஷமா சரியான வேலை அமையல. ஒரு பேப்பர் ஆஃபர் லெட்டர்: பாங்காக்ல கஸ்டமர் சப்போர்ட் வேலை, மாசம் 1000 டாலர், ரூம் சாப்பாடு ஃப்ரீ. இன்னொன்னு ஃப்ளைட் டிக்கெட், அதுல போன பதினாலாவது நாளே ரிட்டர்ன் போட்டிருந்துச்சு. ரெண்டு வருஷ வேலைக்கு போறவனுக்கு எதுக்குடா ரெண்டு வாரத்துல ரிட்டர்ன்னு கேட்டேன். அதுக்கு அவன், இமிகிரேஷன்ல கேட்டா டூர் போறேன்னு சொல்லணுமாம்ணே, ஏஜென்ட் சொல்லிக்குடுத்திருக்காருன்னான். எனக்கு வயித்தை கலக்கிருச்சு.

ஏன்னா இது எங்க போய் முடியும்னு நமக்கு இப்ப நல்லாவே தெரியும். தாய்லாந்துல மே சோட்னு ஒரு எல்லை ஊர், அதை ஒட்டி மோய் ஆறு, அக்கரை மியான்மரோட மியாவாடி. அங்கதான் கேகே பார்க், ஷ்வே கோக்கோ மாதிரி ஆன்லைன் மோசடி முகாமெல்லாம் உருவாச்சு. பெரிய காம்பவுண்டு சுவரு, முள்கம்பி, வாசல்ல துப்பாக்கியோட ஆளு, உள்ள அடுக்கடுக்கா பில்டிங். இதே மாதிரி கம்போடியாவுல சிகானுக்வில் பக்கம், லாவோஸ்ல கோல்டன் ட்ரையாங்கிள்னு சொல்ற பொருளாதார மண்டலத்துல. பெரும்பாலும் சீன கிரிமினல் கும்பல்ங்க நடத்துறது. உள்ள போனதும் பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுக்குவாங்க, பொண்ணு பேர்ல ஒரு போலி ஃபேஸ்புக் ஐடி, டெலிகிராம் ஐடி குடுத்து நாள் பூரா முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட பேசிப் பழகி, கிரிப்டோன்னு சொல்ற டிஜிட்டல் காசுல பணம் போட வெச்சு ஏமாத்தணும். டார்கெட் முடிக்கலைன்னா அடி, கரண்ட் ஷாக், சாப்பாடு கட். வீட்டுக்கு போறேன்னா ஆயிரக்கணக்குல டாலர் கேப்பாங்க, இல்லைன்னா இன்னொரு கும்பலுக்கு வித்துருவாங்க. ஆமா, மனுஷனைத்தான்.

ஐநா மனித உரிமை அலுவலகம் 2023ல சொன்ன கணக்கு, மியான்மர்ல குறைஞ்சது 1,20,000 பேர், கம்போடியாவுல சுமார் 1,00,000 பேர் இப்படி மாட்டியிருக்கலாம்னு. 2025 மார்ச்ல மே சோட்ல இருந்து ரெண்டே நாள்ல 549 இந்தியர்களை விமானப்படை விமானம் வெச்சு கூட்டிட்டு வந்தாங்க, தமிழ்நாட்டுப் பசங்களும் இந்த முகாம்கள்ல இருந்து மீண்டு வந்திருக்காங்க. இவங்க யாரும் பேராசை பிடிச்சவங்க இல்ல, வீட்டு கடனை அடைக்கணும்னு கிளம்பின படிச்ச பசங்க. அதனால மாட்டுனவங்களை கேலி பண்ற வேலை வேண்டாம், அந்த வெக்கத்துக்கு பயந்தே நிறைய பேர் வெளிய சொல்றதில்ல.

சரி, என்ன பாக்கணும். முதல்ல விசா, மத்ததெல்லாம் அப்புறம். டூரிஸ்டா உள்ள போய்ட்டு அங்க வேலைக்கு மாத்திக்கலாம்னு ஏஜென்ட் சொன்னா அந்த இடத்துலயே பேச்சை நிறுத்திருங்க. தாய்லாந்து 2023 நவம்பர்ல இருந்து இந்தியர்களை டூரிஸ்டா விசா இல்லாம விட ஆரம்பிச்சதுல இவனுங்களுக்கு வேலை இன்னும் சுலபமாயிருச்சு, ஆனா அதுல போய் அங்க வேலை பாக்க முடியாது, வேலைன்னா அதுக்கு தனி விசா, ஒர்க் பெர்மிட் வேணும். லாவோஸ்ல போய் இறங்குனதும் குடுக்குற விசாவும் அப்படித்தான், அதை வெச்சு வேலை பாக்கக்கூடாதுன்னு நம்ம தூதரகமே எச்சரிச்சிருக்கு. வேலைக்கு கூப்பிடுறவன் உங்களை இமிகிரேஷன்ல பொய் சொல்ல சொன்னா, அங்க போனப்புறம் உங்களுக்கு சட்டப்படி எந்த பிடிமானமும் இருக்கக்கூடாதுன்னுதான் சொல்றான்.

அடுத்தது ஏஜென்ட். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசு லைசென்ஸ் வேணும், 1983 குடிபெயர்வு சட்டப்படி. வெளியுறவு அமைச்சகத்தோட இமைக்ரேட் (eMigrate) வெப்சைட்ல லைசென்ஸ் இருக்குற ஏஜென்ட் லிஸ்ட் இருக்கு, யார் வேணா பாக்கலாம். இங்க ஒரு விஷயம் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, ஏஜென்ட் காட்டுற லைசென்ஸ் நம்பர் லிஸ்ட்ல இருக்குன்னதும் சரின்னு விட்டுர்றாங்க, ஆனா அது வேற ஒருத்தரோட நம்பரா இருக்கலாம். அதனால போர்ட்டல்ல இருக்குற ஃபோன் நம்பருக்கு நீங்களே போட்டு, இந்த ஆள் உங்க ஆபீஸா, இந்த வேலை உங்க மூலமா வருதான்னு கேளுங்க. எங்க வீட்டு பையன் விஷயத்துல அதைத்தான் பண்ணோம், அந்தப் பக்கம் எடுத்தவர் அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட இல்லைங்கன்னுட்டாரு.

காசு விஷயம்: லைசென்ஸ் ஏஜென்ட் சர்வீஸ் சார்ஜா அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீது குடுக்கணும். பையன்கிட்ட கேட்டது ஒன்றரை லட்சம், ரொக்கமா, ரசீது கிடையாது. எந்த காரணத்துக்கும் கையில காசு குடுக்காதீங்க, பேங்க் வழியா போனாத்தான் நாளைக்கு போலீஸ்ல காட்ட ஏதாவது இருக்கும்.

இன்டர்வியூ எப்படி நடந்துச்சுன்னும் யோசிங்க. பத்து நிமிஷ வாட்ஸ்அப் கால், ஒரு டைப்பிங் டெஸ்ட், இங்கிலீஷ் பேச வருமான்னு ரெண்டு கேள்வி, அவ்ளோதான் செலக்டட். நம்ம தூதரகங்கள் எச்சரிக்கையில எழுதியிருக்குறதும் கிட்டத்தட்ட இதே வரிதான்: லேசான இன்டர்வியூ, டைப்பிங் டெஸ்ட், பெரிய சம்பளம், ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல். அவனுங்களுக்கு தேவை வேகமா டைப் பண்ற விரலு. படிச்ச பசங்களை தேடுறதுக்கு இன்னொரு காரணமும் எனக்கு தோணுது, பத்தாவது பாஸ் பண்ணவங்களுக்கு குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டிய கட்டாயம் இல்ல, அதனால அரசாங்கம் பேப்பரை பாக்காமலே ஃப்ளைட் ஏறிரலாம்.

இதையெல்லாம் பாத்தும் கிளம்புறதுன்னு முடிவு பண்ணா, பாஸ்போர்ட், விசா, ஆஃபர் லெட்டர், ஏஜென்ட் ஃபோட்டோ, நம்பர் எல்லாத்தோட காப்பியும் வீட்ல இருக்கட்டும். லைவ் லொகேஷனை அம்மாவுக்கோ அண்ணனுக்கோ ஆன் பண்ணி விடுங்க. வீட்டுக்குள்ள ஒரு சங்கேத வார்த்தை பேசி வெச்சுக்குங்க, சாதாரணமா பேச்சுல வர்ற மாதிரி, உதாரணத்துக்கு இல்லாத ஒரு அத்தையை விசாரிக்கிறது, அதை சொன்னா நான் மாட்டிக்கிட்டேன்னு அர்த்தம். பாங்காக்ல வேலைன்னா ஏர்போர்ட்ல இருந்து ஒன்றரை மணி நேரத்துல ஊருக்குள்ள எங்க வேணா போயிரலாம். கார் ஊரைத் தாண்டி ஹைவேல போய்க்கிட்டே இருக்கு, மேப்ல வடமேற்கால தாக் மாகாணம் பக்கம் போகுதுன்னா அது மே சோட் ரூட்டு, சுமார் 500 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். வழியில டீக்கோ டாய்லெட்டுக்கோ நிறுத்துற பெட்ரோல் பங்க்லயே இறங்கிருங்க, ஆள் கூட்டம் இருக்குற பக்கம் போங்க, தாய்லாந்து டூரிஸ்ட் போலீஸ் 1155க்கு போடுங்க, இங்கிலீஷ்ல பேசலாம். பெட்டி போனா போகட்டும். அந்த ஆறு சின்னதுதான், படகுல சில நிமிஷம், ஆனா அக்கரைக்கு போயிட்டா தாய்லாந்து போலீஸ் உள்ள வர முடியாது.

உங்க வீட்டு ஆள் ஏற்கனவே மாட்டியிருந்தா, அவங்க ஃபோனை கும்பல் செக் பண்ணும்ங்கறதை மறக்காதீங்க. போலீஸ், எம்பசின்னு அந்த சாட்ல ஒரு வார்த்தை போடாதீங்க, அடி விழுறது அவங்களுக்கு. பாஸ்போர்ட் நம்பர், கடைசியா வந்த லொகேஷன், கம்பெனி பேர், பில்டிங் நம்பர் எது தெரியுதோ அதை எடுத்துட்டு அயலகத் தமிழர் நலத்துறைக்கு 1800 309 3793ல பேசுங்க, அந்தந்த நாட்டு இந்திய தூதரகத்துக்கு மெயில் போடுங்க, வெளியுறவு அமைச்சகத்தோட ‘மதத்’ (MADAD)ங்கற புகார் வெப்சைட்ல பதியுங்க, எஸ்பி ஆபீஸ்ல ஏஜென்ட் மேல எழுத்துல புகார் குடுங்க. இந்த நாலையும் ஒரே நாள்ல பண்ணுங்க. விடுவிக்க காசு அனுப்புன்னு கேட்டா அவசரப்பட்டு அனுப்பாதீங்க, முதல்ல போலீஸ்கிட்ட சொல்லுங்க, காசு வாங்கிட்டு திரும்ப கேக்குறது, வேற இடத்துக்கு வித்துர்றது ரெண்டும் நடக்குது.

எங்க பையன் போகல. இப்ப ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல 14,000 சம்பளத்துக்கு போறான், அதுல அவனுக்கு வருத்தம் இருக்கு, எனக்கு தெரியும். ஆனா அதே ஏஜென்ட்கிட்ட அவன் காலேஜ் பசங்க இன்னும் மூணு பேர் பாஸ்போர்ட் குடுத்திருந்தாங்க, ரெண்டு பேர் வீட்டுக்கு நாங்க நேர்லயே போய் பேசி திரும்ப வாங்க வெச்சோம். மூணாவது பையன் நம்பர் இன்னைக்கு வரைக்கும் ஸ்விட்ச் ஆஃப், ஊர் பேர் மட்டும்தான் தெரியும், ஞாயித்துக்கிழமை அங்க போய் விசாரிக்கப் போறோம்.