ஆர்.எஸ்.9939609: ஒரு மரபணு மாறுபாட்டைப் படிக்கும் முறை

மரபணுப் பரிசோதனை முடிவுத்தாளில் "எஃப்.டி.ஓ., ஆர்.எஸ்.9939609, ஏஏ, உடல் பருமன் அபாயம் அதிகம்" என்று ஒரே ஒரு வரி அச்சாகியிருக்கும். அதைப் படித்துவிட்டு, இனி உணவைக் குறைத்து என்ன பயன் என்று மனம் தளர்கிறவர்கள் இருக்கிறார்கள். தளர்வதற்குக் காரணம் அந்த வரியில் இல்லை. அதைப் படிக்கும் முறையை யாரும் சொல்லித் தராததுதான் குறை.

முதலில் எழுத்தைச் சரிபார்க்க வேண்டும். ஆர்.எஸ்.9939609 என்பது ஒரு மரபணு மாறுபாட்டின் அடையாள எண். இந்த மாறுபாடு 16ஆம் குரோமோசோமில், எஃப்.டி.ஓ. மரபணுவின் முதல் இன்ட்ரானில், அதாவது புரதமாக மாறாத பகுதியில் இருக்கிறது. அந்த இடத்தில் சிலருக்கு அடினினைக் குறிக்கும் 'ஏ' இருக்கும், சிலருக்குத் தைமினைக் குறிக்கும் 'டி' இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் இருப்பதால் ஒருவருக்கு ஏஏ, ஏடி, டிடி ஆகிய மூன்றில் ஒன்று அமையும். இவற்றில் எடையோடு தொடர்புடைய எழுத்து 'ஏ'. இடத்தைக் குறிக்கும் எண், மனித மரபணுத்தொகையின் 37ஆம் பதிப்பில் 53820527 என்றும் 38ஆம் பதிப்பில் 53786615 என்றும் இருக்கும். இரண்டு தாள்களில் எண் வேறுபட்டால் பதிப்பு வேறு என்று பொருளே தவிர, இடம் வேறு அல்ல.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு சிக்கல் உண்டு. டி.என்.ஏ. இரட்டை இழையாக இருப்பதால் ஓர் இழையில் ஏ இருந்தால் எதிர் இழையில் டி இருக்கும். வேறொரு மாறுபாட்டில் எழுத்துகள் ஏ, ஜி என்று இருந்தால், எதிர் இழையைப் படித்த ஆய்வகம் டி, சி என்று அச்சிடும். பிழை உடனே கண்ணில் படும். ஆர்.எஸ்.9939609இல் இரண்டு எழுத்துகளுமே ஏ, டி என்பதால், இழை மாறிப் படித்தால் ஏஏ டிடியாகிவிடும், பார்ப்பவருக்கு ஐயமே எழாது. ஏடி உள்ளவருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. ஆகவே எந்த இழையைப் படித்தார்கள் என்று ஆய்வகத்திடம் கேளுங்கள். மூலத் தரவுக் கோப்பு கையில் இருந்தால், அருகிலேயே உள்ள ஆர்.எஸ்.1421085ஐத் தேடிப் பாருங்கள். அதன் எழுத்துகள் டி, சி என்பதால் இழைக் குழப்பம் வராது. ஆப்பிரிக்க வம்சாவளி அல்லாதவர்களிடம் அங்கே சிசி இருந்தால், பெரும்பாலும் இங்கே ஏஏ இருக்கும்.

அடுத்து, ஆய்வு எதைத் தேடிப் புறப்பட்டது என்று பார்க்க வேண்டும். 2007இல் பிரிட்டனில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 1,924 பேரையும் ஒப்பீட்டுக்கு 2,938 பேரையும் வைத்து மரபணுத்தொகை முழுவதும் தேடியபோதுதான் இந்த இடம் முதலில் தென்பட்டது. உடல் நிறை குறியீட்டை (கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) கணக்கில் சேர்த்ததும் நீரிழிவோடு இருந்த தொடர்பு மறைந்துவிட்டது. உண்மையான தொடர்பு எடையோடுதான் என்று அதிலிருந்து புலப்பட, 38,759 பேரிடம் அது உறுதி செய்யப்பட்டது. பின்னர் புணேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், ஹைதராபாத்தின் கிரிராஜ் சந்தக் ஆகியோரின் குழு இந்தியர்களிடம் ஆராய்ந்தபோது, எடையைக் கணக்கில் சேர்த்த பிறகும் நீரிழிவுத் தொடர்பு முழுவதும் மறையவில்லை. ஆய்வில் பங்கேற்றவர்கள் எந்த மக்கள் என்று கேட்காமல் முடிவை நம் வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

புள்ளியியல் எண்களில் இரண்டைக் கலக்காமல் படிக்க வேண்டும். இத்தகைய ஆய்வில் ஏறத்தாழ 10 லட்சம் தனித்தனிச் சோதனைகள் ஒரே நேரத்தில் நடப்பதற்குச் சமம் என்பதால், தற்செயலாக அப்படியொரு முடிவு வருவதற்கான வாய்ப்பு இரண்டு கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால்தான் ஏற்பார்கள். அந்த எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு உறுதி. ஆனால் விளைவு அவ்வளவு பெரியது என்று அதற்குப் பொருளில்லை. விளைவின் அளவைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு 'ஏ' எழுத்துக்கு உடல் நிறை குறியீடு சராசரியாக 0.4 அளவு கூடுகிறது. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 1.6ஐ 1.6ஆல் பெருக்கி, வரும் 2.56ஐ 0.4ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1 கிலோ. ஏஏ உள்ளவருக்கு 2 கிலோ. உடல் பருமனுக்கான சாதக விகிதம், அதாவது பருமனானவர்களின் எண்ணிக்கையைப் பருமன் இல்லாதவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை டிடி உள்ளவர்களோடு ஒப்பிட்ட மடங்கு, ஏஏ உள்ளவர்களுக்கு 1.67 என்று முதல் ஆய்வு சொன்னது. டிடி உள்ள 100 பேரில் 20 பேர் பருமனானவர்கள் என்று வைத்துக்கொண்டால், ஏஏ உள்ள 100 பேரில் அது ஏறத்தாழ 29 பேராகும். மீதி 71 பேருக்கு அதே எழுத்துகள் இருந்தும் பருமன் இல்லை.

பெயரிலும் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஆய்வு சுட்டுவது ஓர் இடத்தைத்தான். வேலை செய்யும் மரபணு அதுவேயாக இருக்க வேண்டியதில்லை. 2014, 2015 ஆய்வுகள் இந்த இன்ட்ரானிலுள்ள டி.என்.ஏ. தொலைவில் இருக்கும் ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 மரபணுக்களை இயக்குவதைக் காட்டின. கொழுப்பு செல்கள் ஆற்றலை வெப்பமாகச் செலவிடுவதா, சேமித்து வைப்பதா என்பதில் ஆர்.எஸ்.1421085இன் 'சி' எழுத்துக்குப் பங்கு உண்டு என்று 2015 ஆய்வு விளக்கியது. ஆர்.எஸ்.9939609 அதோடு ஒட்டிப் பரம்பரையாக வரும் அடையாளக் கல் போன்றது. ஆப்பிரிக்க மக்களிடம் இந்த 'ஏ' பரவலாக இருந்தும் அந்த 'சி' அரிது. அதனால் அங்கே இந்த அடையாளத்தை வைத்து எடையைப் பற்றிச் சொல்வது வலுவிழந்துவிடுகிறது.

கடைசியாக, அந்த வரியை வாழும் முறையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 2011இல் 2,18,166 பெரியவர்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த மாறுபாடு பருமனுக்குச் சேர்க்கும் கூடுதல் வாய்ப்பு 27 சதவீதம் குறைந்திருந்தது. அது நீங்கவில்லை, குறைந்தது. ஏஏ என்று அச்சான தாளை நீட்டுபவரிடம் இந்த எண்ணையும் சேர்த்துத்தான் நான் எழுதிக் கொடுப்பேன்.