ஆமைத் தடத்தை எண்ணினால் மட்டும் போதுமா?

இலங்கையின் கிழக்கே திருக்கோவிலில் இருந்து பாணமை வரை கரையில் காலையில் நடக்கிறவர்கள் தடத்தை எண்ணிவிட்டு, "இந்த வருசம் ஆமை குறைவு, அழிஞ்சு போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பெண் ஆமை முட்டைக்கு வேண்டிய கொழுப்பை எங்கேயோ தூரத்து மேய்ச்சல் இடத்தில் சேர்த்துக்கொண்டுதான் புறப்படுகிறது, முட்டையிடும் காலத்தில் தின்பது குறைவு, அதனால் கடற்புல் நன்றாகக் கிடைத்த பச்சை ஆமை சீக்கிரம் திரும்பி வரும், கிடைக்காதது வருடக்கணக்கில் தள்ளிப்போடும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் எல் நினோ (பசிபிக் கடல் சூடாகி வானிலை மாறும் காலம்) வந்து ஏறத்தாழ 2 வருடம் கழித்துத்தான் கரையேறும் பச்சை ஆமை கூடியது என்று ஆய்வாளர்கள் லிம்பஸும் நிக்கல்ஸும் 1988இல் காட்டினார்கள். ஆக, ஒரு வருடக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அப்ப என்ன செய்யலாம்? முதலில் எந்த இனம் என்று பிரியுங்கள். இரண்டு பக்கத் துடுப்பும் ஒன்றுக்கொன்று நேராகப் பதிந்திருந்தால் பச்சை ஆமை, அல்லது தடம் மிக அகலமாக இருந்தால் தோணி ஆமை. மாறி மாறிப் பதிந்திருந்தால் பங்குனி ஆமையாக இருக்கலாம், ஆனால் அழுங்காமையும் பெருந்தலை ஆமையும் அப்படித்தான் நடக்கும், எனவே சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே எழுதுங்கள். இனங்களைக் கலந்து எண்ணிய கணக்கு ஒன்றுக்கும் உதவாது: பச்சை ஆமை புல் மேயும், பங்குனி ஆமை நண்டு, இறால், சொறி (ஜெல்லி மீன்) தின்னும், இரண்டுக்கும் பஞ்சம் ஒரே வருடத்தில் வர வேண்டியதில்லை.

அப்புறம் தடத்தின் அகலத்தை வெளி விளிம்பில் இருந்து வெளி விளிம்பு வரை அளந்து, திகதியோடு எழுதுங்கள். ஆமையின் பருமன் ஓரளவுக்குத் தெரியும், அது முக்கியம். ஜப்பானின் யாகுஷிமாவில் ஒரே கரைக்கு வரும் பெருந்தலை ஆமைகளில், கரையோரக் கடலில் மேய்பவை ஆழ்கடலில் மேய்பவற்றைவிடப் பெரியவை, முட்டையும் அதிகம் இடுகின்றன. ஓட்டைத் தொட்டு அளப்பதை மட்டும் வனஜீவராசிகள் திணைக்கள அனுமதி உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள், சட்டப் பாதுகாப்பு உள்ள உயிர். இரவில் டோர்ச் அடிக்கவே வேண்டாம், வெளிச்சம் கண்டு திரும்பிப் போய்விடும்.

துடுப்பில் ஆய்வாளர்கள் மாட்டிய உலோகத் தகடு இருந்தால் எண்ணையும் அதில் உள்ள முகவரியையும் குறித்துக்கொள்ளுங்கள், கழற்றாதீர்கள். கரைவலையில் மாட்டியதிலும் பார்க்கச் சொல்லி வாடிக்காரரிடம் சொல்லி வையுங்கள். அதே எண் எத்தனை வருடம் கழித்து மறுபடி வருகிறது என்பதுதான் அது மேய்ந்த இடத்தைப் பற்றி நம் கரையில் கிடைக்கும் நல்ல துப்பு.