ஸ்மார்ட் போர்டு மாட்டும் முன்: வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு பள்ளியில் வகுப்பறையைப் புதுப்பிக்கும் பேச்சு இருக்கிறது. அரசு தருவது ஒரு பக்கம்; 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக முன்னாள் மாணவர்கள் தருவது இன்னொரு பக்கம். நல்ல காரியம்தான். ஆனால் பொருளை வாங்கி இறக்கிய பிறகுதான் எங்கே மாட்டுவது என்றே யோசிக்கிறோம். கடைசி பெஞ்சு ஓரத்தில் இருக்கும் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன கேட்கும் என்பதை முதலில் பார்த்தாக வேண்டும்.

பெரிய தவறு, கரும்பலகையின் நட்டநடுவில் ஸ்மார்ட் போர்டுத் திரையை மாட்டுவது. எழுத இரண்டு பக்கமும் சின்னத் துண்டுதான் மிஞ்சும். ஒரு வகுத்தல் கணக்கைப் பாருங்கள். கரும்பலகையில் போட்டால் முதல் வரியிலிருந்து மீதி வரை எல்லாம் கண்முன் நிற்கும். நடுவில் தவறவிட்ட பிள்ளை மேலே பார்த்துப் பிடித்துக்கொள்ளும். திரையில் அடுத்த பக்கம் வந்தால் முந்தியது போய்விடும். அதனால் திரை ஓரமாக இருக்கட்டும், பலகை முழுசாக இருக்கட்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் நான் கரும்பலகையின் பக்கம்தான்.

அடுத்தது எழுத்தின் அளவு. 75 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 3 அடி. எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்க, திரை உயரத்தைப் போல 6 மடங்கு தூரத்துக்குள் உட்கார வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது 18 அடி. 20 அடி நீள அறையில் கடைசி வரிசை அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கும். அப்படியிருக்க, பாடநூலின் முழுப் பக்கத்தையும் அப்படியே திரையில் போட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு எறும்பு ஊர்வதுதான் தெரியும். ஒரு பத்தியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள். வெளிச்சம் திரையில் அடிக்கும், உடனே ஜன்னலைச் சாத்துவோம். மதுரை வெயிலில், கான்கிரீட் கூரைக்குக் கீழே, ஜன்னலைச் சாத்திய அறையில் பிள்ளைகள் எப்படிப் பாடத்தைக் கவனிப்பார்கள்? ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

சத்தத்தை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. வெறும் சுவர், டைல்ஸ் தரை, கடகடக்கும் ஃபேன். இதில் ஸ்பீக்கரைக் கூட்டினால் எதிரொலிதான் கூடும். ‘பள்ளி’யா ‘பல்லி’யா என்று காது பிரித்தறியாத பிள்ளை எழுதும்போதும் தடுமாறும். பின்சுவரில் துணி ஒட்டிய பலகை வைத்து, அதில் பிள்ளைகளின் படங்களைக் குத்தி வைத்தாலே எதிரொலி குறையும். ஃபேனைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதும் கல்விச் செலவுதான்.

2025 ஜூலையில் ‘ப’ வடிவ இருக்கை, அதாவது பெஞ்சுகளை மூன்று பக்கச் சுவரோரமாகப் போடுவது பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. கடைசி பெஞ்சு என்பதே இருக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்குப் பிடிக்கும். கலந்துரையாடலுக்கு அது அருமையான அமைப்பு. ஆனால் பலகையில் எழுதும் பாடத்துக்கு, பக்கவாட்டில் இருப்பவர்கள் பீரியட் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே வைத்திருக்க வேண்டும். பெஞ்சைத் தரையோடு பதிக்காமல், பாடத்துக்கு ஏற்ப நகர்த்தும்படி விடுங்கள்.

பெயின்ட் அடிக்கும்போது இன்னொன்று. 2007 வாக்கில், பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை மாநிலம் முழுக்கப் போனபோது, தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் உயரத்துக்குச் சுவரைச் சுற்றித் தாழ்வான கரும்பலகைகள் வந்தன. அவை இன்னும் இருந்தால் தயவுசெய்து அவற்றின் மேல் கார்ட்டூன் வரையாதீர்கள். பிள்ளை தானே எழுதி, தானே அழித்துப் பார்க்கும் இடம் அது.

அப்புறம், நெட் வரும் என்று நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள். பாடநூலின் க்யூஆர் கோடு வீடியோக்களை முந்தின நாளே பென் டிரைவில் இறக்கி வையுங்கள். திரை இருக்கும் அறையின் சாவி எச்.எம். மேசைக்குள் மட்டும் இருக்க வேண்டாம். பாடம் எடுக்கும் ஆசிரியரிடமும் ஒன்று இருக்கட்டும்.