அயல்நாட்டுக் கப்பலில் எண்ணெய் மாசுச் சோதனை: துறைமுக நாடு செய்ய வேண்டியவை

ஒரு கப்பலுக்கான முதற்பொறுப்பு அதன் கொடிக்குரிய நாட்டினுடையதே, அதாவது அது பதிவான நாட்டினுடையதே. எனினும் கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான மார்போல் உடன்படிக்கை, தன் துறைமுகத்துக்கு வரும் அயல்நாட்டுக் கப்பலைச் சோதிக்கும் அதிகாரத்தைத் துறைமுக நாட்டுக்கும் வழங்குகிறது.

முதலில் சான்றிதழ்கள் செல்லுபடியாகின்றனவா என்று பாருங்கள். அவை பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும்.

பொறுமை தேவைப்படுவது எண்ணெய்ப் பதிவேட்டில்தான். 400 மொத்த டன்னும் (இது எடையன்று, கப்பலின் உட்கொள்ளளவைக் குறிக்கும் அளவு) அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் இதைப் பேணி, கடைசிப் பதிவிலிருந்து 3 ஆண்டுகள் காக்க வேண்டும். எண்ணெய்க் கசடு எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு எரிக்கப்பட்டது, எவ்வளவு கரையில் ஒப்படைக்கப்பட்டது என்று கணக்கிட்டு, தொட்டியில் இப்போதுள்ள அளவை நேரில் அளந்து ஒப்பிடுங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் அதுவே விரிவான சோதனைக்குத் தக்க காரணமாகும்.

அப்போது இயந்திர அறைக்குச் செல்லுங்கள். கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் கருவியான எண்ணெய்–நீர் பிரிப்பானிலிருந்து கடலுக்கு வெளியேறும் நீரில் எண்ணெய் பத்து இலட்சத்தில் 15 பங்கைத் தாண்டக் கூடாது. கருவியை இயக்கிக் காட்டச் சொல்வதோடு, குழாய் இணைப்புகளில் புதுப்பூச்சோ, அண்மையில் கழற்றிய திருகாணிகளோ தென்படுகின்றனவா என்றும் கவனியுங்கள். பிரிப்பானைத் தவிர்த்துக் கழிவைக் கடலுக்குத் தள்ளும் கள்ளக்குழாய் பெரும்பாலும் இப்படித்தான் அகப்படும்.

கடுமையான குறை இருந்தால், கடலுக்குக் கேடின்றிச் செல்லும் நிலை வரும்வரை கப்பலை நிறுத்திவைத்து, கொடி நாட்டுக்கு உடனே தெரிவியுங்கள். காரணமின்றித் தாமதப்படுத்தினால் இழப்பீடு தர நேரிடும்.